மறுபடி எண்ணு என்றார்கள்

மாலை மூன்று மணி நாற்பது நிமிடம். என் மகளின் செல்போன் அப்போது என் கையில் இருந்தது, அதனால் நேரம் நிச்சயமாகத் தெரியும். வாக்கு எண்ணும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று காலையிலேயே அதை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். என் போனில் சார்ஜ் இல்லாததால் வீட்டிலிருந்து என் மனைவி அந்த எண்ணுக்கே கூப்பிட்டாள். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள். பொட்டலம் உள்ளே போயிருக்கிறது, சாப்பிட்டிருப்பாள் என்றேன். அணைக்கும்போது திரையில் மணி தெரிந்தது. அந்த நேரத்தில்தான் கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் கத்தினான். ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு யார் கத்துகிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை நடந்தது. என் மகள் பத்தமடைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இருபத்தாறு வயது. தேர்தல் வேலைக்கு அவளைப் போட்டிருந்தார்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் அதிகாரி. அன்று விடுப்பு எடுத்து அவளைக் காரில் கொண்டுவந்து விட்டேன். எண்ணி முடிய எத்தனை மணி ஆகும் என்று யாருக்கும் தெரியாது, பெண்பிள்ளை தனியாக எப்படி வருவாள் என்று வெளியிலேயே காத்திருந்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "நான் ஒண்ணாப்புப் பிள்ளையாப்பா? நீங்க போங்க" என்றாள். நான் போகவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். வெளியே நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

கிராமப்புற உள்ளாட்சித் தேர்தலில் இன்னும் வாக்குச்சீட்டுதான். பெட்டியைக் கவிழ்த்து, பதவிக்கு ஒரு நிறமாக இருக்கும் சீட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு மேசையிலும் எண்ணி ஐம்பது ஐம்பதாகக் கட்டுவார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கட்சிகளின் முகவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கான சீட்டுகள் என் மகளின் மேசைக்கு வந்தன. கட்சிச் சின்னத்தில் போட்டி நடக்கும் பதவி அது. பிற்பகலில், எண்ணிக்கையைக் குறிக்கக் கொடுத்திருந்த நீலப் பேனா எழுதாமல் போயிற்று. வேறு கேட்டாள், யாரும் கொண்டுவரவில்லை. கைப்பையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்துக் கணக்கை எழுதினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த கட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். முத்திரை சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். சரியாக இருந்த ஒவ்வொன்றிலும், முத்திரைக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு டிக் போட்டாள்.

பரீட்சைத் தாளில் போடுவதைப் போலத்தான். நான்கு வருடமாக அந்தக் கை அந்தப் பேனாவால் வேறு எதுவும் செய்ததில்லை. வாக்குச்சீட்டில் முத்திரையைத் தவிர வேறு குறி இருந்தால் அதைச் செல்லாது என்று தள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பயிற்சி வகுப்பில் அதைப் பக்கத்திலிருந்த டீச்சருக்கு விளக்கியதே அவள்தான்.

கட்டு முடியப்போகும் நேரத்தில்தான் வலைக்கு அப்பாலிருந்த முகவர் ஒருவர் பார்த்தார். அது அவருடைய கட்சிக்கு விழுந்த வாக்குகளின் கட்டு. "சிவப்பு மை போடுதா! எங்க ஓட்டையெல்லாம் செல்லாமலாக்குதா!" என்று அவர் கத்தியதுதான் எனக்குக் கேட்ட முதல் சத்தம்.

என் மகள் எழுந்து நின்று, "நான்தான் போட்டேன். தெரியாமப் போட்டுட்டேன். தப்பு என்மேலதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம். தேர்தல் நடத்தும் உதவி அலுவலர் ஓர் அம்மையார். அவர் வந்து பார்த்தார். இது வாக்காளர் போட்ட குறி இல்லை, எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, இந்தக் கட்டு செல்லும் என்று எழுதி வைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

வெளியே அது முடியவில்லை. போன் கூடாது என்ற விதியை ஆசிரியர்கள் மதித்தார்கள். முகவர்களில் எவரோ வேட்டி மடிப்பில் ஒன்றை வைத்திருந்திருக்கிறார். பத்து நிமிடத்துக்குள் என் மகளின் படம் வாசலில் நின்ற கூட்டத்தின் கையில் இருந்தது. என் பக்கத்தில் புங்கமரத்தடியில் நின்ற ஒருவன் தன் சிநேகிதனிடம் போனைக் காட்டினான். எட்டிப் பார்த்தேன். கம்பி வலைக்குப் பின்னால், மாம்பழ நிறச் சேலையில், வாயைச் சற்றுத் திறந்தபடி என் மகள். படத்தின் கீழே எழுதியிருந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

"இவதாம்லே. எதிர்க் கட்சிக்காரன் கிட்ட துட்டு வாங்கிருக்கா."

"மூஞ்சியப் பாத்தா பச்சப்பிள்ள மாதிரில்லா இருக்கா."

"பச்சப்பிள்ளதாம்லே ஊரக் கெடுக்கும்."

சிரித்தார்கள். அது என் மகள் என்று சொல்லவும் முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை.

எனக்கு அங்கே தெரிந்தவர் என்று ஒருவர்தான் இருந்தார். எண்ணுகிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பத்தமடைக்காரர், சமையல் ஒப்பந்தம் எடுக்கும் ஒரு பாய். அவருடைய மகன் என் மகளிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறான் என்று மதியம் பேச்சில் தெரிந்திருந்தது. அண்டாக்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னிடம் பைய வந்தார்.

"அண்ணாச்சி, படம் நீங்களும் பாத்தீயளா?"

"பாத்தேன்."

"யாருகிட்டயும் வாயத் தொறக்காதீய. நீங்க டீச்சருக்கு யாருன்னு கேட்டா, நீங்க யாருமில்ல. அல்லா காப்பாத்துவான். காரை மட்டும் அங்கன இருந்து எடுத்துருங்க."

காரை எடுக்க முடியவில்லை. அதற்குள் சாலை நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் டிராக்டரிலும் பைக்கிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலைச் சுற்றிச் சிலர் காரணமில்லாமல் நிற்பதைப் பார்த்தேன். காரணம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் முடிவு வந்தது. அந்த வார்டில் இந்தக் கூட்டத்தின் கட்சி மிகச் சொற்ப வாக்கில் தோற்றிருந்தது. சிவப்பு டிக் போட்ட கட்டையும் சேர்த்து எண்ணித்தான் தோல்வி. ஆனால் அந்த விவரத்தைக் கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. அறிவிப்பு முடியும் முன்பே முதல் கல் போயிற்று. ஜன்னல் ஒன்று உடைந்தது. உள்ளே பெண்கள் அலறினார்கள். அந்த அலறல்களில் எது அவளுடையது என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். தெரியவில்லை.

வாசலில் எட்டுப் பத்து போலீஸ்காரர்கள்தான் இருந்தார்கள். கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். உதவி அலுவலர் அம்மையார் படியில் வந்து நின்று கையை உயர்த்தினார். மறுபடி எண்ண வேண்டும் என்றால் வேட்பாளர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், வாங்கிப் பார்க்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் வேட்பாளரைக் காணவில்லை. தோற்றது தெரிந்ததும் போனை அணைத்துவிட்டு எங்கோ போய்விட்டாராம். வாழைத்தோட்டத்தில் உட்கார்ந்து அழுகிறார் என்று ஒருவன் சொன்னான். ரத்தக் கொதிப்பு வந்து அம்பாசமுத்திரம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான் இன்னொருவன்.

"வேட்பாளர் எதுக்கு? கட்சி கேக்குதுல்லா! கட்சி கேட்டா எண்ணணும்னு சட்டமே வந்தாச்சு!"

அதைச் சொன்னவர் அந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளர். தடித்த கழுத்து, தோளில் துண்டு. பிரச்சாரத்தில் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிரச்சாரத்துக்குப் பிடித்த ஆட்டோ, மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் கட்டியபடி, அவர் பக்கத்திலேயே நின்றது. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் செய்தித்தாளில் கிழித்த ஒரு துண்டு.

அது என்ன செய்தி என்று எனக்குத் தெரியும். நானும் படித்திருந்தேன். கட்சிகள் கோரினால், எண்ணிக்கை முடிந்த பிறகு வாக்குகளைத் திரும்ப எடுத்துச் சரிபார்க்க மாநிலத்தில் ஒரு சட்டம் கொண்டுவரும் யோசனை இருப்பதாக வந்த செய்தி. காலையில் முன்னீர்பள்ளம் தாண்டும்போது மகளிடம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். நல்ல ஏற்பாடு என்றேன். வங்கியில் தணிக்கை என்றால் நாங்கள் முகம் சுளிப்பதில்லை, மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம், சந்தேகப்படுகிறவன் முன்னால் திறந்து காட்டிவிட்டால் வாயடைத்துப் போவான் என்றேன். அவள் டிபன் டப்பாவிலிருந்து இட்லி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "லாரி வருது, முன்னால பாத்து ஓட்டுங்கப்பா" என்றாள்.

அம்மையார் படியிலிருந்தே பதில் சொன்னார். "அது இன்னும் சட்டம் ஆகலை. இப்ப இருக்கிற விதிப்படி வேட்பாளர்தான் கேக்கணும்."

"பொய் சொல்லுதா!" என்று ஒரு குரல். "பேப்பர்லயே போட்டிருக்கு!"

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். மூக்குக் கண்ணாடி போட்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. படிச்சவுக மாதிரி இருக்கீய. இத மைக்குல வாசிங்க. அந்த அம்மாவுக்குக் காது கேக்கட்டும்."

பாய் என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் நாலு பேர் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். மைக் என் மோவாயில் இடித்தது. தாளை வாங்கினேன். வாசித்தேன். கட்சிகள் கோரும்பட்சத்தில் சரிபார்ப்பு நடத்த வகைசெய்யும் மசோதாவைக் கொண்டுவர உத்தேசிக்கப்பட்டுள்ளது என்று குழாயில் என் குரல் சாலை முழுக்கக் கேட்டது.

"கேட்டீயளா!" என்று கூட்டம் கத்தியது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் படியில் நின்ற அந்த அம்மையாரைப் பொய்க்காரி என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டால் கேட் நிற்காது, கேட் விழுந்தால் அடுத்தது என் மகள் இருக்கும் கட்டடம் என்று மட்டும் மனதில் ஓடியது. உண்மையைச் சொன்னால் அடங்குவார்கள் என்று நம்பினேன்.

"உத்தேசம்னா இன்னும் வரலைன்னு அர்த்தம். செய்யலாம்னு நினைச்சிருக்காவ. அவ்வளவுதான். அந்த அம்மா சொல்லுதது சரிதான்" என்றேன். மைக் வாயருகிலேயே இருந்ததால் அதுவும் குழாயில் கேட்டது.

செயலாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நாமளும் ஜெயிக்கணும்னுதாம்லே நினைச்சிருந்தோம்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிலர் சிரித்தும் விட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

"நீரு எந்தக் கட்சிவே?"

"நான் எந்தக் கட்சியும் இல்லை."

"கட்சி இல்லாதவருக்கு இங்கன என்னவே சோலி?"

பதில் யோசித்தேன். மச்சினன் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் சட்டைப் பையில் மகளின் போன் அடித்தது. தொலைக்காட்சியில் கல்லெறிச் செய்தி பார்த்துவிட்டு என் மனைவி கூப்பிட்டிருக்கிறாள். அதை அணைக்கத்தான் எடுத்தேன். திரை முழுக்க என் மனைவியும் மகளும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிற படம்.

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த போனில் அதே முகம், வலைக்குப் பின்னால். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏலே! இவன் அவ அப்பம்லே!"

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. கண்ணாடி போயிற்று. அதன்பின் எனக்கு முகங்கள் தெரியவில்லை. வேட்டிகளும் செருப்புக் கால்களும்தான். யாரோ வயிற்றில் மிதித்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன், கையை மிதித்தான். "துட்ட எங்கவே வச்சிருக்கீரு?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் என் சட்டையைக் கிழித்தான். மணிபர்சை உதறினார்கள். கொஞ்சம் பணமும் வங்கி அடையாள அட்டையும் விழுந்தன. வங்கி அட்டையைப் பார்த்ததும் கூச்சல் அதிகமாயிற்று. வங்கிக்காரன் என்றால் பணம் கைமாறியது நிச்சயம் என்று ஆகிவிட்டது.

என் கார் கண்ணாடியை உடைக்கும் சத்தம் கேட்டது. அது என்னுடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று கார்களை உடைத்தார்கள். ஒன்று அவர்கள் கட்சிக்காரருடையது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

செயலாளர் அவர்களை நிறுத்தினார். அக்கறையால் அல்ல. என்னைத் தூக்கி ஆட்டோவின் பக்கவாட்டில் சாய்த்து நிற்க வைத்தார்கள். மறுபடி மைக்கை என் வாயருகே பிடித்தார். அவர் குரல் கட்டியிருந்ததால் காதோடு காதாகப் பேசுவது போல இருந்தது. அவ்வளவு தன்மையாக வேறு யாரும் அன்று என்னிடம் பேசவில்லை.

"ஒண்ணும் செய்ய மாட்டோம். மகளக் கூப்பிடும். அப்பா வந்திருக்கேன், வெளிய வாம்மான்னு ஒரு வார்த்த. அவ வந்து எங்க கண்ணு முன்னால அந்தக் கட்டப் பிரிச்சு எண்ணிக் காட்டட்டும். நாங்க போயிட்டே இருப்போம்."

குழாய் கட்டடத்தைப் பார்த்துத் திருப்பிக் கட்டியிருந்தது. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும். கேட்டால் வருவாள். அதுதான் என்னைக் கொன்றது. சின்ன வயதிலிருந்து நான் ஒரு தடவை கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடி வருகிற பிள்ளை. என் குரல் நடுங்குவதைக் கேட்டால் பூட்டை உடைத்துக்கொண்டாவது வருவாள். கேட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் ஒரே வெள்ளையாக, கலங்கலாகத் தெரிந்தது. அதற்குள்ளே அவள் நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன்.

"கூப்பிடும்வே!"

என் பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்திக்கொண்டிருந்தது. துப்பினேன். மைக்கில் ரத்தம் பட்டது.

"ஏட்டி, அப்பா பேசுதேன்" என்றேன். கூட்டம் அமைதியாயிற்று. "வெளிய வராத. யார் கூப்பிட்டாலும் வராத. நானே கூப்பிட்டாலும் வராத. கதவப் பூட்டிக்கோ."

மைக்கைப் பிடுங்கினார்கள். கொடி கட்டிய மூங்கில் கம்பு ஒன்று மேலே எழுவதைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்தவன் முகம் என் முகத்துக்கு அருகிலேயே இருந்தது, பூனைமீசை வைத்த ஒரு பையன். தலையில் விழாமல் இருக்க இடது கையைத் தூக்கினேன். மணிக்கட்டு முறிந்தது. முறிகிற சத்தம் குழாய்க்குள் போய்த் திரும்பி வந்தது போல எனக்குக் கேட்டது. அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை, மைக் அதற்குள் தரையில் கிடந்தது. ஆனால் அந்தச் சத்தத்தை இப்போதும் குழாய்ச் சத்தமாகவே கேட்கிறேன். கோயில் கொடை விழாவுக்குக் குழாய் கட்டினால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

என் பேச்சைக் கேட்டு அவள் உள்ளே இருந்தாளா, அல்லது என் அலறலைக் கேட்டு வெளியே வந்துவிட்டாளா? தரையில் கிடந்தபோது எனக்கு இந்தக் கேள்வி மட்டும்தான் இருந்தது. அலறக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கடிக்க முடியவில்லை, அலறினேன்.

பிறகு ஜல்லி பறந்தது. ஒரே நேரத்தில் நூறு கை எறிந்தால் கல் மழை மாதிரி வராது, ஓடு சரிந்தது போல வரும். கேட்டிலிருந்து தள்ளாடி வந்த ஒரு போலீஸ்காரப் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் குந்தினான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. அவனுக்கும் என் மகள் வயதுதான் இருக்கும். கேட் முதல் தள்ளில் வளைந்தது. இரண்டாவது தள்ளில் ஒரு கீல் போயிற்று. மைக் ஆட்டோவை யாரோ கவிழ்த்தார்கள். எந்தக் கட்சிக்காரன் கவிழ்த்தான் என்று தெரியாது. ஜெயித்தவர்களும் அதற்குள் கம்போடு வந்து இறங்கியிருந்தார்கள். பெட்ரோல் வாசனை வந்தது.

என் கக்கத்தில் இரண்டு கைகள் நுழைந்தன. "காலை உதைச்சுக்கிட்டே வாங்க, அண்ணாச்சி, காலை உதைங்க" என்று பாய் மூச்சு வாங்கினார். பிணம் மாதிரி என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன் வேனில் போட்டு, இரண்டு அண்டாக்களுக்கு நடுவே தள்ளி, சோறு மூடும் துணியை மேலே போர்த்தினார். ஒருவன் வந்து வேன் கதவைத் தட்டினான். "உள்ள யாருவே?"

"உள்ள காலி அண்டாதான். எண்ணுனவுகளுக்குச் சோறு போட்டாச்சு, மிச்சமில்ல. வேணும்னா வழிச்சுத் தின்னுட்டுப் போ" என்றார் பாய்.

அவன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். ஒரு கல் அண்டாவில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் என் முறிந்த கை துடித்தது. சாம்பார்ச் சோற்று வாசனைக்கு நடுவே நான் படுத்திருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கமிருந்தோ எங்கிருந்தோ போலீஸ் வண்டிகள் வரிசையாக வரும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கம்புகள் உடம்பில் விழும் சத்தம். ஓடுகிறவர்கள் வாய்க்காலுக்குள் விழும் சத்தம். அடித்தவர்கள் அடிபடுகிறார்கள் என்று எனக்கு ஆறுதல் வரவில்லை. அந்த ஓசையும் அதே ஓசைதான்.

"டீச்சர் வெளிய வந்தாவளா? பாத்தியளா?" என்று பாயிடம் கேட்டேன். துணிக்குள்ளிருந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டேனாம். அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வண்டியை எடுத்தார்.

அரசு மருத்துவமனையில் எனக்குக் கையில் கட்டுப் போட்டார்கள். தலையில் தையல் போட்டார்கள். என் மகளின் போன் போயிருந்தது. பாயின் போனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அடித்துப் பார்த்தேன். அவளுடன் வேலை பார்க்கும் டீச்சரின் கணவர், ஜன்னல் பக்கம் இருந்த மேசைக்காரர்களுக்குத்தான் அடி அதிகம் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அவள் மேசை ஜன்னல் பக்கமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. என் மனைவி பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, பாதியில் போலீஸ் தடுத்து, மேலச்செவலில் நின்றுகொண்டிருந்தாள். போனில் அவள் அழவில்லை. "அவளை விட்டுட்டு நீங்க மட்டும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனீய?" என்று கேட்டாள். அது ஒரு கேள்வியே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நடக்கப் பார்த்தேன். நர்ஸ் பிடித்து உட்கார வைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த மீசையை அடையாளம் கண்டேன். அவனும் என்னைப் பார்த்துவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி."

திரும்பிப் பார்த்தேன்.

"டீச்சர் வந்துட்டாவளா?"

"தெரியலை" என்றேன்.

"கை ரொம்ப வலிக்கா?"

எழுந்து அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் உதடு அப்படி வெடித்திருந்தது. இரண்டையும் நான் செய்யவில்லை. பாய்தான் கொடுத்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் வாசலில் ஜீப் நின்றது. முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் என் மகள். மாம்பழ நிறச் சேலையில் தோளிலிருந்து இடுப்புவரை கருத்துப்போன ரத்தம். புருவத்துக்கு மேலே பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணாடிச் சில்லு கிழித்திருக்கிறது, கண் தப்பியது. வந்து என் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "வரக் கூடாதுன்னு நீங்க சொன்னது கேட்டுச்சுப்பா" என்றாள். "அதுக்குப் பொறவு நீங்க கத்துனதும் கேட்டுச்சு. நாலு பேர் என்னைப் புடிச்சு வச்சிருந்தாங்க." என் வலது கையால் அவள் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். முடிக்குள் கண்ணாடித் தூள் நெறுநெறுத்தது.

கடைசியாக உள்ளே வந்தவர் உதவி அலுவலர் அம்மையார். புடவை ஓரம் கிழிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. கட்டிலுக்கு அருகே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"சார், வேட்பாளர் வந்து கையெழுத்துப் போட்டுட்டார்" என்றார். "நாளைக்குக் காலையில அந்த வார்டை மறுபடி எண்ணுதோம். டிக் இருக்கிற சீட்டு செல்லாதுன்னு ஜெயிச்சவங்க சொல்லுதாங்க. நான் எழுதி வச்சது போதாது, டீச்சரே வந்து சொல்லணுமாம். அதைத் தள்ளினா இன்னும் ஐம்பது ஓட்டுப் போயிரும்னு தோத்தவங்க பயப்படுதாங்க. டிக்கை வாக்காளர் போடலை, நான்தான் போட்டேன்னு சொல்ல இவங்க ஒருத்தர்தான் இருக்காங்க. அதனால டீச்சர் வந்து மேசையில உக்காரணும்னு ரெண்டு கட்சியும் எழுதிக் கேட்டிருக்கு. உங்களை அடிச்சவங்கதான் முதல்ல எழுதிக் கொடுத்தாங்க, சார். அவங்களுக்கு இப்ப வேற யாரு மேலயும் நம்பிக்கை இல்லையாம்."